காலேஜ் லைப்ரரிக்கு கோஹா கொண்டு வரணுமா? மேனேஜ்மென்ட்ட சம்மதிக்க வைக்க முழு வழிகாட்டி

மொத தடவ நான் கரஸ்பாண்டன்ட் ரூமுக்கு போனப்ப கையில நாலு பக்க லெட்டர் இருந்துச்சு. ஓப்பன் சோர்ஸ்னா என்ன, கோஹான்னா என்ன, எந்தெந்த நாட்டுல யூஸ் பண்றாங்க, எல்லாம் எழுதியிருந்தேன். கோஹாங்கறது லைப்ரரிக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதாவது லைசென்ஸ் காசு இல்லாம யாரும் எடுத்து மாத்தி யூஸ் பண்ணலாம். அவர் மொத பக்கத்துல பாதி படிச்சிட்டு கண்ணாடிய கழட்டி வெச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இது நின்னு போச்சுன்னா யாரும்மா வந்து பார்ப்பாங்க?" என்கிட்ட பதில் இல்ல. லெட்டர் ஃபைலுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ரூம்ல அதே மனுஷன் ரெண்டு பக்க நோட்டுல (அனுமதி கேட்டு எழுதின குறிப்புல) கையெழுத்து போட்டாரு. நடுவுல நான் என்னென்ன மாத்தினேன்னு இங்க வரிசையா எழுதுறேன். சுயநிதி கலை அறிவியல் காலேஜ், இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக் எதுல லைப்ரேரியனா இருந்தாலும் பெரும்பாலும் இதே ஆளுங்க இதே கேள்விகள்தான் வரும்.

எங்க நிலைம என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். கவுன்ட்டர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுல பழைய லைப்ரரி சாஃப்ட்வேர், பின்னாடி ஒரு டாங்கிள் சொருகி இருக்கும், அத கழட்டினா ஓடாது. வருஷா வருஷம் ஏஎம்சி (பராமரிப்பு கட்டணம்) கட்டுறோம் ஆனா போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, விண்டோஸ் மாத்தினப்ப ரெண்டு வாரம் இஷ்யூ ரிட்டர்ன் எல்லாம் நோட்டுல எழுதினோம். பசங்க ஒரு புத்தகம் இருக்கான்னு பாக்கணும்னா கவுன்ட்டருக்கு வந்து எங்கள கேக்கணும். இதெல்லாம் மேனேஜ்மென்ட்டுக்கு தெரியாதுங்கறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுச்சு, ஏன்னா நாங்கதான் நோட்டுல எழுதி எழுதி சமாளிச்சிட்டோமே.

அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டு போட்டுக்கோங்க. சாஃப்ட்வேர் என்னிக்கு நின்னுச்சு, எத்தன மணி நேரம், எத்தன பேர் திரும்பி போனாங்க, கம்பெனிக்கு எப்ப போன் பண்ணோம், எப்ப வந்தாங்க. தேதியோட எழுதுங்க. ஒரு செமஸ்டர் எழுதினா போதும், பின்னாடி உங்க வாய்ப்பேச்ச விட அந்த நோட்டு நல்லா பேசும்.

1. யார் சம்மதிக்கணும்னு முதல்ல கண்டுபிடிங்க

கையெழுத்து போடுறது கரஸ்பாண்டன்ட் இல்லன்னா செக்ரெட்டரி. ஆனா அவர் தனியா முடிவு பண்றதில்ல. பிரின்சிபால் ஃபார்வர்ட் பண்ணாதான் ஃபைல் மேல போகும். அக்கவுண்டன்ட் "பட்ஜெட்ல இடம் இருக்கு"ன்னு எழுதணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஹெச்ஓடி இல்லன்னா சிஸ்டம் அட்மின், "செக்யூரிட்டி எப்படி சார் இருக்குமோ"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அங்கயே முடிஞ்சுது. ஐக்யூஏசி (காலேஜோட உள் தரக் குழு) கோஆர்டினேட்டர் ஆதரவா இருந்தா பாதி கிணறு தாண்டின மாதிரி.

இந்த அஞ்சு பேருக்கும் பயம் வேற வேற. பிரின்சிபாலுக்கு டேட்டா தொலைஞ்சு போயிடுமோன்னு பயம், நோ டியூஸ் (பாக்கி இல்லன்னு கையெழுத்து வாங்கற) நேரத்துல கியூ நின்னா அவர்கிட்டதான வந்து சத்தம் போடுவாங்க. அக்கவுண்டன்ட்டுக்கு ஆடிட்ல பில் இல்லாத சாஃப்ட்வேர்னு எழுதிடுவாங்களோன்னு. சிஸ்டம் அட்மினுக்கு இன்னொரு சர்வர் நம்ம தலையில கட்டிடுவாங்களோன்னு, அது நியாயமான பயம்தான், அவர் ஏற்கனவே லேப், வைஃபை, சிசிடிவி எல்லாத்துக்கும் ஓடிட்டு இருக்காரு. மேல இருக்கறவருக்கு நான் மொதல்ல சொன்ன அந்த ஒரு கேள்வி.

நான் செஞ்ச பெரிய தப்பு எல்லாரையும் ஒரே மீட்டிங்ல உக்கார வெச்சு சம்மதம் வாங்கிடலாம்னு நெனச்சது. மீட்டிங்ல யாரும் மொத ஆளா சரின்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது தடவ ஒவ்வொருத்தரையா அவங்க அவங்க ரூம்ல போய் பாத்தேன், கேக்க மட்டும்தான் போனேன், "இது வந்தா உங்களுக்கு என்ன தொல்ல வரும்னு நெனக்கிறீங்க"ன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். சிஸ்டம் அட்மின் தம்பி அரை மணி நேரம் பேசினாரு, அவர் சொன்னதுல மூணு விஷயம் எனக்கு தோணவே இல்ல. அந்த மூணையும் என் நோட்டுல அவர் பேர் போட்டே சேத்தேன். அதுக்கப்புறம் எதிர்ப்பு அவர்கிட்ட இருந்து வரல.

எல்லாரையும் பாத்ததுக்கப்புறம் லைப்ரரி அட்வைசரி கமிட்டி மீட்டிங்ல அஜெண்டாவா வைங்க. மினிட்ஸ்ல ஏறணும். "லைப்ரேரியன் ஆசப்படுறாங்க"ங்கறதுக்கும் "கமிட்டி பரிந்துரைக்குது"ங்கறதுக்கும் மேல போனா பெரிய வித்தியாசம்.

2. உங்க டேட்டாவ கையில எடுங்க

இதுக்கு யார் அனுமதியும் வேணாம், இது நீங்க எப்படியும் செய்ய வேண்டிய வேல. பழைய சாஃப்ட்வேர்ல இருந்து புத்தக லிஸ்ட் முழுசும் எக்செல்லா வெளிய வருதான்னு பாருங்க. எக்ஸ்போர்ட் பட்டன் இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா அக்செஷன் ரெஜிஸ்டர் (ஒவ்வொரு பிரதிக்கும் வரிச நம்பர் போட்ட பதிவேடு) ரிப்போர்ட்ட பிரிண்ட் போடுற இடத்துல ஃபைலா சேவ் பண்ண முடியுதான்னு பாருங்க, அதுலருந்து எக்செல்லுக்கு மாத்திடலாம். அதுவும் முடியலன்னா பிரின்சிபால் கையெழுத்தோட கம்பெனிக்கு லெட்டர் போடுங்க, எங்க டேட்டாவ எங்களுக்கு எக்செல்லா குடுங்கன்னு.

எங்களுக்கு அந்த லெட்டருக்கு வந்த பதில்தான் திருப்பமே. டேட்டா எடுத்து தர தனியா கட்டணம்னு எழுதியிருந்தாங்க. அத அப்படியே கொண்டு போய் பிரின்சிபால் டேபிள்ல வெச்சேன். முப்பது வருஷமா காலேஜ் காசுல வாங்கின புத்தகம், நம்ம ஸ்டாஃப் உக்காந்து டைப் பண்ண லிஸ்ட், அத பாக்க நாம இன்னொருத்தருக்கு காசு கட்டணுமான்னு அவரே கேட்டாரு. ஓப்பன் சோர்ஸ் பத்தி நான் நாலு பக்கம் எழுதி புரிய வைக்க முடியாதத அந்த ஒரு லெட்டர் புரிய வெச்சுது. நீங்களும் லைசென்ஸ், சுதந்திரம்னு ஆரம்பிக்காதீங்க, "நம்ம கேட்டலாக் யார் கையில இருக்கு"ன்னு ஆரம்பிங்க.

டேட்டா கையில வந்ததும் ரெண்டு வேல இருக்கு. ஒன்னு, அக்செஷன் நம்பர் ரெண்டு தடவ வந்திருக்கான்னு எக்செல்லயே பாருங்க. கோஹாவுல பார்கோடு ஒவ்வொரு பிரதிக்கும் தனியா இருக்கணும், ஒரே நம்பர் ரெண்டுக்கு இருந்தா இம்போர்ட் பண்றப்ப ரெண்டாவது உள்ள போகாது. நாம அக்செஷன் நம்பரயே பார்கோடா வெச்சுக்கறதுனால இது பெரிய தலவலி, எங்க பழைய ரெஜிஸ்டர்ல புக் பேங்க் புத்தகத்துக்கும் ஜெனரல் புத்தகத்துக்கும் தனித்தனி வரிச நம்பர் ஓடியிருந்துச்சு, ரெண்டும் 1ல இருந்து ஆரம்பம். புக் பேங்க் நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து சேத்து சரி பண்ணோம்.

ரெண்டாவது தமிழ் புத்தகங்க. பழைய சாஃப்ட்வேர்ல தமிழ் தலைப்பெல்லாம் ஏதாவது ஒரு ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க, அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா வெறும் கிறுக்கலா தெரியும். சில இடத்துல ஆங்கில எழுத்துலயே தமிழ் தலைப்ப அடிச்சு வெச்சிருப்பாங்க, ஒரே நாவல் நாலு விதமான ஸ்பெல்லிங்ல கிடக்கும். கோஹாவுக்கு யூனிகோட் வேணும், அதாவது எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை. தமிழ்நாட்டு அரசே 2010 ஜூன்ல யூனிகோட தரமா ஏத்துக்கிட்டாச்சு, அதனால இந்த மாத்தத்துக்கு அரசாணையே துணை இருக்குன்னு நோட்டுல எழுதலாம். ஃபான்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாத்த என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச கருவிங்க இருக்கு. மாத்தினதுக்கப்புறம் கண்ணால ஒரு தடவ பாருங்க, கொம்பு இடம் மாறி ஒக்காந்திருக்கும். எங்க தமிழ்த்துறை மாணவிங்க ஆறு பேர் ஒரு வாரம் உக்காந்து சரி பாத்தாங்க. அந்த பொண்ணுங்களுக்கு துறைத்தலைவர் சர்டிபிகேட் குடுத்தாரு, அப்படியே தமிழ்த்துறையும் நம்ம பக்கம் வந்துடுச்சு.

3. பழைய பிசியில ஓட்டி காட்டுங்க

கோஹா முழுக்க வெப்ல ஓடுற சாஃப்ட்வேர். ஒரு மெஷின்ல சர்வர் இருந்தா மத்த எல்லாம் பிரவுசர்தான், ஒவ்வொரு பிசியிலயும் இன்ஸ்டால் பண்ற வேல இல்ல. டெபியன் இல்லன்னா உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் போட்டு, கோஹாவோட சொந்த பேக்கேஜ் வழியா இன்ஸ்டால் பண்ணுங்க. லேப்ல ஓரமா கிடக்கற 8 ஜிபி ராம் மெஷின் டெமோவுக்கு தாராளமா போதும். லினக்ஸ் தெரியாதுன்னா பயப்படாதீங்க, ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல கோஹாவுக்குன்னே தனி பாட வரிசை இருக்கு, நான் மதிய சாப்பாட்டு நேரத்துல தினம் ஒன்னு பாத்தேன்.

எக்செல்ல மார்க் ஃபார்மேட்டுக்கு (ஒவ்வொரு புத்தக விவரத்துக்கும் ஒரு எண் வெக்கற நூலக ஃபார்மேட்) மாத்த மார்க்எடிட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். தலைப்பு 245க்கு, ஆசிரியர் 100க்கு, ஐஎஸ்பிஎன் 020க்கு, வகுப்பு எண் 082க்கு, பிரதி விவரம் எல்லாம் 952க்கு, அதுல உட்பிரிவு p தான் பார்கோடு. ஒரு அம்பது புத்தகத்துல மொதல்ல செஞ்சு பாருங்க. அது சரியா ஒக்காந்தா அஞ்சாயிரமும் ஒக்காரும்.

டெமோவுக்கு முன்னாடி கண்டிப்பா செய்ய வேண்டிய ஒன்னு இருக்கு, இத எனக்கு யாரும் சொல்லல. கோஹாவுக்குள்ள தேடல் வேலைய செய்யறது ஸீப்ரான்னு ஒரு இண்டெக்ஸர். அது சாதாரணமா வர்ற அமைப்புல ஆங்கிலத்துக்கு நல்லா வேல செய்யும், தமிழ்ல தேடினா தாறுமாறா வரும். அத ஐசியூ (யூனிகோட் எழுத்துகள சரியா கையாள்ற) முறைக்கு மாத்தி மறுபடி முழு இண்டெக்ஸ் போடணும். சிஸ்டம் அட்மின்கிட்ட இந்த வார்த்தய சொன்னா அவர் டாக்குமென்டேஷன்ல தேடி எடுத்துடுவாரு. இத செய்யாம கரஸ்பாண்டன்ட் முன்னாடி தமிழ்ல ஒரு பேர தட்டி ஒன்னும் வரலன்னா அப்புறம் அந்த ரூமுக்கு திரும்ப போறது கஷ்டம்.

டெமோவுல என்ன காட்டணும்? கேட்டலாகிங் ஸ்கிரீன காட்டாதீங்க. நமக்கு அது அழகு, அவங்களுக்கு அது வெறும் நம்பர் கூட்டம். ஓபேக்க, அதாவது வாசகர் புத்தகம் தேடுற பக்கத்த காட்டுங்க, அதுவும் அவங்க சொந்த போன்ல. நான் கரஸ்பாண்டன்ட்கிட்ட அவரோட போன வாங்கி காலேஜ் வைஃபைல அட்ரஸ் அடிச்சு குடுத்து "ஐயா, உங்களுக்கு பிடிச்ச புத்தகம் ஏதாவது தமிழ்ல தட்டி பாருங்க"ன்னேன். அவர் அவங்க அப்பா காலேஜுக்கு நன்கொடையா குடுத்த புத்தகம் ஒன்ன தேடினாரு. வந்துச்சு, எந்த அலமாரின்னு, உள்ள இருக்கா வெளிய போயிருக்கான்னு. நன்கொடை புத்தகங்கள நான் முன்னாடியே ஏத்தி வெச்சிருந்தேன், அவர் கண்டிப்பா அதத்தான் தேடுவார்னு இல்லன்னாலும் தேட வாய்ப்பிருக்குன்னு. உங்க காலேஜ்லயும் அப்படி ஒரு அலமாரி இருக்கும், அத மொதல்ல ஏத்துங்க.

பிரின்சிபாலுக்கு பாக்கி வெச்சிருக்கற மாணவர் லிஸ்ட், டிபார்ட்மென்ட் வாரியா. அக்கவுண்டன்ட்டுக்கு எந்த வருஷம் எந்த நிதியில எத்தன புத்தகம் எவ்ளோ ரூபாய்க்கு, ஒரே ரிப்போர்ட்ல. ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம்.

4. செலவு கணக்க நேர்மையா போடுங்க

"இது ஃப்ரீ சார்"னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு கெடுதல். சும்மா கெடைக்கறது தரமா இருக்காதுன்னு ஒரு பாதி பேர் நெனப்பாங்க. மீதி பேர் நம்பிடுவாங்க, அது இன்னும் ஆபத்து, ஏன்னா மூணு மாசம் கழிச்சு சர்வருக்கு யூபிஎஸ் வேணும்னு நீங்க போய் நின்னா "ஃப்ரீன்னு சொன்னீங்களே மேடம்"னு கேப்பாங்க, அதோட உங்க பேச்சுக்கு மதிப்பு போச்சு.

லைசென்ஸ் கட்டணம் கிடையாது, அது மட்டும்தான் உண்மை. மத்தபடி சர்வர் மெஷின், யூபிஎஸ், பேக்கப் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க் ரெண்டு, பார்கோடு ஸ்டிக்கர், ஸ்கேனர், டேட்டா மாத்த ஆள் கூலி, ட்ரெயினிங், வெளி சப்போர்ட் கம்பெனிக்கு வருஷ கட்டணம், எல்லாத்தயும் அஞ்சு வருஷத்துக்கு போடுங்க. பக்கத்து பத்தியில இப்ப இருக்கற சாஃப்ட்வேருக்கு அதே அஞ்சு வருஷம், ஏஎம்சி, வெர்ஷன் மாத்தினா அப்கிரேட் கட்டணம், கூடுதல் கம்ப்யூட்டருக்கு கூடுதல் லைசென்ஸ், ஓபேக் தனி மாட்யூல்னா அதுக்கு. எல்லாத்துக்கும் கொட்டேஷன் வாங்கி இணைங்க, மனசுல தோணின நம்பர் ஒன்னு கூட வேணாம்.

இதுல மூணாவதா ஒரு வரி நான் சேத்தேன், "விட்டு வெளிய வர ஆகும் செலவு". அஞ்சு வருஷம் கழிச்சு பிடிக்கலன்னா என்ன ஆகும்? கோஹாவுல இருந்து மார்க் ஃபைலா புத்தக விவரம் எல்லாம் வெளிய வரும், அது உலகம் முழுக்க லைப்ரரி சாஃப்ட்வேர்ங்க படிக்கற ஃபார்மேட். பழசுல இருந்து வெளிய வர எவ்ளோன்னு கம்பெனியே எழுதி குடுத்திருந்தாங்க. அக்கவுண்டன்ட் அந்த வரிய பேனாவால வட்டம் போட்டாரு.

மொத்தமா பாத்தா எங்களுக்கு மொத வருஷம் கோஹாவுக்குதான் செலவு அதிகமா வந்துச்சு. அத மறைக்காம எழுதினேன். ரெண்டாவது வருஷத்துல இருந்து இறங்குதுன்னு கீழ காட்டினேன். மறைச்சிருந்தா அக்கவுண்டன்ட் கண்டுபிடிச்சிருப்பாரு.

5. "யார் வந்து பார்ப்பாங்க?"

இதுக்கு வாயால பதில் சொல்லக்கூடாது. ஒரு தனி பக்கம் எழுதணும். நான் எழுதினது இப்படி: உள்ள ரெண்டு பேர், நானும் சிஸ்டம் அட்மினும், ரெண்டு பேருக்கும் இன்ஸ்டால், பேக்கப், ரீஸ்டோர் தெரியும். வெளிய கோஹா சப்போர்ட் பண்ற கம்பெனிங்க மூணுகிட்ட கொட்டேஷன் வாங்கியிருக்கு, எத்தன மணி நேரத்துல பதில் வரணும்னு எழுத்துல. மூணுல ஒருத்தர் சரியில்லன்னா அடுத்தவருக்கு மாத்திக்கலாம், சாஃப்ட்வேர் மாத்த வேண்டாம், ஆள மட்டும் மாத்தினா போதும். பழைய முறையில அந்த வசதி கிடையாது, செஞ்சவங்களத் தவிர வேற யாராலயும் தொட முடியாது. இதுக்கெல்லாம் மேல கோஹா சமூகத்தோட மெயிலிங் லிஸ்டும் சாட்டும் இருக்கு, நான் கேட்ட ரெண்டு கேள்விக்கு வந்த பதில பிரிண்ட் எடுத்து பின்னாடி வெச்சேன்.

இந்த எடத்துல கோஹா பொறந்த கதைய சொன்னேன், அது நல்லா வேல செஞ்சுது. நியூசிலாந்துல ஹோரோவெனுவான்னு ஒரு சின்ன பகுதி, அங்க இருந்த நூலகத்தோட பழைய சாஃப்ட்வேர் 2000ம் வருஷத்த தாங்காதுன்னு 1999ல தெரிஞ்சுது. விக்கறவங்க குடுத்தது எதுவும் அவங்களுக்கு பொருந்தல. அதனால காட்டிப்போங்கற ஒரு சின்ன வெப் கம்பெனிய வெச்சு புதுசா எழுத வெச்சாங்க, 2000 ஜனவரில ஓட ஆரம்பிச்சிடுச்சு. எழுதினத ஜிபிஎல் லைசென்ஸ்ல எல்லாருக்கும் குடுத்துட்டாங்க, ஒரே கம்பெனிய நம்பி மறுபடி மாட்டிக்கக் கூடாதுன்னும் சேத்துதான். கோஹான்னா மாவோரி மொழியில அன்பளிப்பு. "அப்ப அவங்களும் நம்மள மாதிரி மாட்டினவங்கதானா"ன்னு கரஸ்பாண்டன்ட் கேட்டாரு. ஆமாங்க ஐயான்னேன்.

அந்த கம்பெனியே மூடிட்டா? இப்படியும் கேட்டாரு. அதுக்கு நடந்தத சொன்னேன். பின்னாடி ஒரு அமெரிக்க கம்பெனி கையில கோஹாவோட பழைய வெப்சைட் முகவரி மாட்டிக்கிச்சு, கோஹாங்கற பேருக்கே நியூசிலாந்துல ட்ரேட்மார்க் கேட்டு விண்ணப்பம் போயிடுச்சு. சமூகம் வேற முகவரிக்கு போச்சு, காசு திரட்டி அந்த விண்ணப்பத்த எதிர்த்துச்சு, கோடு எழுதறது ஒரு நாளும் நிக்கல. இன்னிக்கும் மே மாசமும் நவம்பர் மாசமும் புது வெர்ஷன் வருது, வெர்ஷன் நம்பரே வருஷமும் மாசமும்தான். 2011ல தானேல உலக கோஹா மாநாடு நடந்திருக்கு, அதயும் சொன்னேன், நம்ம நாட்டுலயே ஆளுங்க இருக்காங்கன்னு தெரியணும்ல.

அடுத்தது எல்லா காலேஜ்லயும் வர்ற கேள்வி. "நீங்க வேலைய விட்டுட்டு போயிட்டா?" இதுக்கு கோவப்படாதீங்க, அவங்க பாத்திருக்காங்க, ஒருத்தர் ஆர்வமா ஏதோ ஆரம்பிச்சிட்டு கல்யாணம் ஆகியோ வேற வேல கெடச்சோ போயிடுவாங்க, வெச்சிட்டு போனத யாருக்கும் தொட தெரியாது. நான் தமிழ்லயே இருபது பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதினேன், காலைல ஆன் பண்றதுல இருந்து சர்வர் செத்தா புது மெஷின்ல திரும்ப எழுப்புற வரைக்கும். பாஸ்வேர்ட் எல்லாம் கவர்ல போட்டு ஒட்டி பிரின்சிபால் பீரோவுல. அதோட நிக்காம, எங்க அட்டெண்டர் அண்ணன் பத்தாவது படிச்சவரு, அவர வெச்சு கையேட்ட மட்டும் பாத்து இஷ்யூ, ரிட்டர்ன், பேக்கப் டிஸ்க் மாத்தறது மூணையும் பிரின்சிபால் முன்னாடி செய்ய வெச்சேன். அவர் அசால்ட்டா செஞ்சாரு. அன்னிக்கு அந்த கேள்வி முடிஞ்சுது.

செக்யூரிட்டி பத்தி, கோடு எல்லாரும் பாக்கலாம்னா திருடனும் பாப்பானேன்னு கேப்பாங்க. பாக்கறவன்ல சரி பண்றவனும் இருக்கான், ஓட்டை தெரிஞ்சா திருத்தின வெர்ஷன் வெளிய வரும், அத நாம உடனே போடணும், போடலன்னா எந்த சாஃப்ட்வேரும் பாதுகாப்பு கெடயாது. அதனால மாசம் ஒரு நாள் அப்டேட்டுக்குன்னு ஒதுக்கி நோட்டுல எழுதினோம். கோஹாவுல ஸ்டாஃப் பக்கமும் ஓபேக்கும் தனித்தனி வாசல், ஸ்டாஃப் பக்கத்த 8080 மாதிரி தனி போர்ட்ல வெச்சுக்கலாம், அத கேம்பஸ் நெட்வொர்க்க விட்டு வெளிய தெரியாம மூடிட்டு ஓபேக்க மட்டும் வெளிய விடுங்க. மாணவர் விவரத்துல ஆதார், ஜாதி இதெல்லாம் ஏத்தவே ஏத்தாதீங்க. புத்தகம் குடுக்க பேர், ரெஜிஸ்டர் நம்பர், டிபார்ட்மென்ட், போன் போதும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்தயும் இங்க ஒரு வரி காட்டலாம்.

"சோல் இருக்கே, அரசாங்கத்துதுதானே, அத வாங்கிடலாமே" அப்படின்னு ஐக்யூஏசில கேட்டாங்க. யுஜிசியோட இன்ஃப்ளிப்நெட் மையம் தர்ற சோல் ஒரு நல்ல லைப்ரரி சாஃப்ட்வேர்தான், மத்திய அரசோட என்ஐசி தர்ற இ-கிரந்தாலயாவும் அப்படியே, அத குறை சொல்லி ஜெயிக்க பாக்காதீங்க. எங்களுக்கு வேண்டியது யார் வேணும்னாலும் சப்போர்ட் பண்ண முடியறதும் நம்மளே மாத்திக்க முடியறதும், அது சோர்ஸ் திறந்திருந்தாதான் நடக்கும்னு மட்டும் சொன்னேன். இந்திய அரசே 2015ல தன்னோட துறைகளுக்கு ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு கொள்கை போட்டிருக்கு. தனியார் காலேஜ கட்டுப்படுத்தாது, ஆனா "அரசாங்கமே சொல்லுது"ங்கற வார்த்தைக்கு நம்ம ஊர்ல ஒரு கனம் இருக்கு. தமிழ்ல உதாரணம் வேணும்னா நூலகம்ங்கற இணையதளம் (noolaham.org) மீடியாவிக்கியில, அதாவது விக்கிப்பீடியா ஓடுற அதே ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல ஓடுறத காட்டுங்க, ஈழத்து நூல்கள அத்தனையும் சேத்து வெக்கற வேலைய ஓப்பன் சோர்ஸ் தாங்குதுன்னா நம்ம காலேஜ் லைப்ரரிய தாங்காதா?

6. நாக்

நாக்ங்கறது காலேஜ்களுக்கு தர மதிப்பீடு குடுக்கற அமைப்பு. இத ரொம்ப இழுக்க வேணாம். நாங்க பாத்த அஃபிலியேட்டட் காலேஜ் மேனுவல்ல 4.2.1ல லைப்ரரி ஆட்டோமேஷன் பத்தி கேட்டிருந்தாங்க, சாஃப்ட்வேர் பேர், முழுசாவா பாதியாவா, வெர்ஷன், எந்த வருஷம். எங்க பழைய சாஃப்ட்வேருக்கு வெர்ஷன் நம்பர் எழுதவே வெக்கமா இருந்துச்சு, அத்தன பழசு. நாக் முறை மாறிட்டே வருது, உங்க ஐக்யூஏசிகிட்ட இப்ப எந்த மேனுவல்னு கேட்டுட்டு அதுல வர்ற வார்த்தைகளயே உங்க நோட்டுல போடுங்க. கோஆர்டினேட்டர் அந்த பக்கத்த அப்படியே எடுத்து ரிப்போர்ட்டுல ஒட்டுற மாதிரி இருந்தா அவரே உங்களுக்காக மேல போய் பேசுவாரு.

7. முழு மாத்தம் கேக்காதீங்க, ஒரு செமஸ்டர் கேளுங்க

என்னோட ரெண்டாவது நோட்டுல "கோஹாவுக்கு மாற அனுமதி"ன்னு இல்ல. "ஒரு செமஸ்டர் சோதனையா ஓட்ட அனுமதி, ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு மட்டும்"னு இருந்துச்சு. எப்ப வெற்றின்னு சொல்வோம், எப்ப நிறுத்துவோம், நிறுத்தினா எப்படி திரும்புவோம், மூணும் எழுதியிருந்தேன். நிறுத்தறதுக்கு வழி எழுதியிருந்தா கையெழுத்து போட கை தயங்காது.

நேரம் பாத்து ஆரம்பிங்க. மே மாசம் லீவுல டேட்டா ஏத்தி, ஜூன்ல காலேஜ் தொறக்கறப்ப ஓட்டறது நல்லது. செமஸ்டர் கடைசில, நோ டியூஸ் நேரத்துல தொடவே தொடாதீங்க. ரெண்டு சாஃப்ட்வேரும் ஒரே நேரத்துல ஓட்டறதா இருந்தா ஒரு மாசத்துக்கு மேல வேணாம், ஒவ்வொரு புத்தகத்தையும் ரெண்டு தடவ பதியறது கவுன்ட்டர்ல நிக்கறவங்கதான், அவங்க மனசு கசந்துட்டா நல்ல சாஃப்ட்வேரும் தோத்துடும்.

பேக்கப்ப சொல்லாம விடக்கூடாது. கோஹா பேக்கேஜ் ராத்திரி ராத்திரி தானா பேக்கப் எடுக்கும், ஆனா அதே மெஷின்லதான் வெக்கும், அதுவும் சாதாரணமா ரெண்டு நாளுது மட்டும். அத வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணி டிஸ்க்க வேற பில்டிங்ல வைங்க. எடுத்தா மட்டும் பத்தாது, மாசம் ஒரு தடவ வேற மெஷின்ல திரும்ப ஏத்தி பாருங்க. சோதனை நடக்கறப்பவே ஒரு நாள் பிரின்சிபால கூப்பிட்டு சர்வர அணைச்சிட்டு இன்னொரு மெஷின்ல எழுப்பி காட்டினோம், முக்கால் மணி நேரம் ஆச்சு. சோதனை அறிக்கையில அந்த முக்கால் மணி நேரத்த அவரே எழுதச் சொன்னாரு.

சரின்னு வந்ததும் வாய் வார்த்தையோட விடாதீங்க, ஆர்டரா வாங்குங்க, அதுல மெயின்டெனன்ஸுக்கு வருஷத்துக்கு எவ்ளோன்னு ஒரு வரி இருக்கணும். ஓபேக்க எல்லாருக்கும் திறந்து விட ஆகஸ்ட் 12 நல்ல நாள், சீர்காழில பொறந்த, இந்திய நூலகவியலோட தந்தை ரங்கநாதன் ஐயாவோட பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். கரஸ்பாண்டன்ட் கையால திறக்க வைங்க.

யாருக்கு இது வேணாம்னும் சொல்லணும். ரெண்டாயிரம் புத்தகம், ஒரே ஆள், கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க கேம்பஸ்ல யாருமே இல்ல, கரண்ட்டும் நெட்டும் நிலையில்லன்னா கோஹா அங்க சுமை. எக்செல்ல ஒழுங்கா யூனிகோட்ல ஏத்தி வைங்க, பின்னாடி ஆள் வந்ததும் மாத்திக்கலாம்.

8. முடியாதுன்னு சொன்னா

எனக்கு சொன்னாங்க. அப்ப நான் டெமோ மெஷின அணைக்கல. அத கவுன்ட்டர் ஓரத்துல வெச்சு பசங்க தேட மட்டும் விட்டேன், அதுக்கு தனி அனுமதி தேவப்படல, பிரின்சிபால்கிட்ட வாயால சொல்லிட்டேன். வர்ற போற பசங்க, ஆசிரியருங்க அதுலயே தேட ஆரம்பிச்சாங்க, வீட்டுல இருந்து பாக்க முடியுமா மேடம்னு கேக்க ஆரம்பிச்சாங்க, கேட்டவங்கள எல்லாம் பரிந்துரை நோட்டுல ஒரு வரி எழுதிட்டு போங்கன்னேன். வருஷம் ஒரு தடவ பழைய சாஃப்ட்வேர்ல இருந்து டேட்டாவ எடுத்து அதுல ஏத்தினேன்.

அப்புறம் ஏஎம்சி தேதி. எங்களுக்கு அது மார்ச் கடைசி. மொத தடவ நான் ஜூலைல போயிருந்தேன், அப்ப காசு கட்டி முடிஞ்சு நாலு மாசம் ஆகியிருந்துச்சு, கட்டின காச யார் வீணாக்குவா? ரெண்டாவது தடவ ஜனவரி மொத வாரம் நோட்ட வெச்சேன், பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி, ஏஎம்சி பில் வர்றதுக்கு முன்னாடி. உங்க ஏஎம்சி என்னிக்கு முடியுதுன்னு இன்னிக்கே அக்கவுண்டன்ட்கிட்ட கேட்டு காலண்டர்ல வட்டம் போட்டுக்கோங்க, அதுக்கு மூணு மாசம் முன்னாடி உங்க ரெண்டு பக்க நோட்டு டேபிள்ல இருக்கணும்.